பில் விதர்ஸின் முதல் ஆல்பம்: மாற்றாமல் விட்டதில் பிறந்த இசை

1971 மே மாதம் சசெக்ஸ் ரெக்கார்ட்ஸ் என்ற சிறிய அமெரிக்க இசைத்தட்டு நிறுவனம், பெயர் தெரியாத ஒரு பாடகரின் முதல் ஆல்பத்தை வெளியிட்டது. ஆல்பத்தின் பெயர் 'ஜஸ்ட் அஸ் ஐ ஆம்' (நான் இருக்கிறபடியே). பாடியவர் பில் விதர்ஸ். வயது 32, ஜூலை வந்தால் 33. விமானத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். சிறு வயதிலிருந்து திக்குவாய். கிதார் தானாகக் கற்றது. அந்த ஆண்டு முடிவதற்குள் ஆல்பத்தின் 'எய்ன்ட் நோ சன்ஷைன்' என்ற பாட்டு, அமெரிக்காவின் முன்னணிப் பாடல்களை வரிசைப்படுத்தும் பில்போர்டு ஹாட் 100 பட்டியலில் 3ஆம் இடம் வரை ஏறிவிட்டது. அடுத்த ஆண்டு அதே பாட்டுக்குச் சிறந்த ரிதம் அண்ட் புளூஸ் பாடலுக்கான கிராமி விருது கிடைத்தது.

இதை அதிர்ஷ்டக் கதையாகச் சொல்வதுதான் வழக்கம். விமானத்துக்குக் கழிப்பறை செய்துகொண்டிருந்த தொழிலாளி ஒரே பாட்டில் நட்சத்திரமானார் என்று முடித்துவிடுவார்கள். அதிர்ஷ்டம் இருந்தது, மறுப்பதற்கில்லை. ஆனால் ஆல்பத்தையும் அது உருவான விதத்தையும் சேர்த்துப் பார்த்தால் வேறொன்று தெரிகிறது. பாடகரிடம், பாட்டில், அட்டைப் படத்தில், எங்கே பார்த்தாலும் 'இதைக் கொஞ்சம் திருத்திவிடலாமே' என்று தோன்றக்கூடிய இடங்கள் வந்துகொண்டே இருந்தன. ஒவ்வொரு இடத்திலும் யாரோ ஒருவர் திருத்த வேண்டாம் என்றார். அந்த முடிவுகளின் கூட்டுத்தொகைதான் இந்த ஆல்பம் என்பது என் வாதம். அந்த முடிவுகளை எடுக்கத் துணிச்சல் வேண்டும். அனுபவமும் வேண்டும்.

பாட வருவதற்கு முன்

விதர்ஸ் 1938 ஜூலை 4 அன்று மேற்கு வர்ஜீனியாவின் ஸ்லாப் ஃபோர்க் என்ற நிலக்கரிச் சுரங்க ஊரில் பிறந்தார். ஆறு பிள்ளைகளில் கடைசி. வளர்ந்தது அருகிலிருந்த பெக்லியில். 13 வயதில் அப்பா இறந்துவிட, அம்மாவோடு சேர்ந்து பாட்டியும் அவரை வளர்த்தார். சுரங்கத்துக்குள் இறங்காமல் பிழைக்க அந்த ஊர்ப் பையனுக்கு இருந்த வழிகள் குறைவு. விதர்ஸ் பதின்ம வயதிலேயே கடற்படையில் சேர்ந்தார். ஒன்பது ஆண்டுகள் அங்கே கழிந்தன. விமானப் பழுதுபார்ப்பு கற்றதும், திக்கலோடு போராடி மெல்ல மெல்ல மேலே வந்ததும் அந்தக் காலத்தில்தான். 1965இல் கடற்படையை விட்டு வெளியே வந்தார்.

வந்தவர் உடனே பாடப் போகவில்லை. கலிபோர்னியாவில் வீடு வீடாகப் பால் போட்டார். பிறகு விமான உதிரிபாகத் தொழிற்சாலை. அந்தச் சமயத்தில் ஒரு நாள் ஓக்லாந்தில் லூ ராவல்ஸ் பாடவிருந்த கிளப்புக்குப் போயிருக்கிறார். ராவல்ஸ் வரத் தாமதம். கிளப்பின் மேலாளர் புலம்பியிருக்கிறார்: வாரத்துக்கு 2,000 டாலர் கொடுக்கிறேன், இந்த மனிதர் நேரத்துக்கு வருவதில்லையே என்று. விதர்ஸுக்கு அப்போது மணிக்கு 3 டாலர் கூலி. அடகுக்கடையில் மலிவாக ஒரு கிதார் வாங்கி, ஷிஃப்டுகளுக்கு இடையே தட்டிப் பழக ஆரம்பித்தது அதன் பிறகுதான். இதைப் பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார்.

1967இல் லாஸ் ஏஞ்சலஸுக்குக் குடிபெயர்ந்தார். வெபர் ஏர்கிராஃப்ட் நிறுவனத்தில் போயிங் 747 விமானங்களுக்கான கழிப்பறைகளைச் செய்யும் வேலை. கையிலிருந்த சம்பளப் பணத்தைச் செலவழித்துத் தன் பாட்டுகளை டெமோவாக, அதாவது மாதிரியாக, பதிவு செய்து, கம்பெனி கம்பெனியாக ஏறி இறங்கினார்.

இந்த ஆண்டுகளை வெறும் 'கஷ்டப்பட்ட காலம்' என்று தாண்டிப் போவது தவறு. பாட்டுக்கான சரக்கெல்லாம் இங்கேதான் சேர்ந்தது. கறுப்பின அமெரிக்கர்களின் சோல் இசையில் பலர் மிக இளம் வயதில் வந்தவர்கள். ஸ்டீவி ஒண்டரின் முதல் ஆல்பம் வந்தபோது அவருக்கு 12 வயது. விதர்ஸோ அப்பாவின் மரணம், ராணுவ ஒழுங்கு, ஆலைச் சங்கு எல்லாம் பார்த்து முடித்த பிறகு முதல் வரியை எழுதியவர். அவருடைய பாட்டில் வரும் பிரிவு, வீட்டுக்கு வாடகை கட்டுகிற மனிதனின் பிரிவு. 1972இல் அவருடைய 'எய்ன்ட் நோ சன்ஷைன்' பாட்டை மைக்கேல் ஜாக்சன் தன் 13ஆம் வயதில் பாடி வெளியிட்டார். அருமையான குரல், குறை சொல்ல முடியாது. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால், அனுபவம் குரலுக்குள் என்ன செய்யும் என்பது காதுக்கே தெரியும்.

ஸ்டுடியோவில்

டெமோவைக் கேட்டு 1970இல் விதர்ஸை ஒப்பந்தம் செய்தவர் சசெக்ஸ் நிறுவனத்தின் தலைவர் கிளாரன்ஸ் அவான்ட். தயாரிப்பாளராக அவர் அமர்த்தியது புக்கர் டி. ஜோன்ஸை. இந்தத் தேர்வுதான் எல்லாவற்றையும் தீர்மானித்தது என்று நினைக்கிறேன். மெம்ஃபிஸ் நகரின் ஸ்டாக்ஸ் ஸ்டுடியோவில் 'புக்கர் டி அண்ட் தி எம்ஜிஸ்' குழுவின் தலைவராக, ஓடிஸ் ரெடிங் போன்றவர்களின் பாட்டுகளுக்குப் பின்னால் ஆர்கன் வாசித்தவர் ஜோன்ஸ். பாடகருக்கு இடம்விட்டு வாசிப்பதே அந்தக் குழுவின் தொழில். அங்கிருந்து விலகிக் கலிபோர்னியாவுக்கு வந்திருந்த அவர், தன் பழைய தோழர்களான டிரம்ஸ் கலைஞர் அல் ஜாக்சனையும் பேஸ் கிதார் கலைஞர் டொனால்ட் 'டக்' டன்னையும் வரவழைத்தார். கிதாருக்கு ஸ்டீபன் ஸ்டில்ஸ் வந்தார். சில பாட்டுகளுக்கு ஜிம் கெல்ட்னர் டிரம்ஸ், கிறிஸ் எத்ரிட்ஜ் பேஸ். முதல் ஆல்பம் போடும் ஒருவருக்கு இப்படி ஒரு குழு அமைவது அபூர்வம்.

பணம்தான் இல்லை. மூன்று மணி நேரம் வீதம் நான்கு அமர்வுகளில் முடிப்பதாகத் திட்டம். கையிருப்பு தீர்ந்துபோய் மூன்றே அமர்வுகள்தான் நடந்தன. இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் நடுவே ஆறு மாத இடைவெளி. ஒருவேளை பணம் தாராளமாக இருந்திருந்தால் ஊதுவாத்தியங்களும் பின்னணிப் பாடகிகளும் சேர்ந்திருக்கலாம். அதை நிரூபிக்க வழியில்லை. ஆனால் ஆல்பத்தின் எளிமைக்குக் கலைநோக்கு மட்டுமே காரணம் என்று எழுதினால் அது உண்மையாகாது.

முதல் நாள் நடந்ததை ஜோன்ஸ் பல முறை சொல்லியிருக்கிறார். விதர்ஸ் வேலையிலிருந்து நேராக, தொழிற்சாலைச் சப்பாத்துகளோடு, ஓட்டைக் காரில் வந்து இறங்கினார். கையில் பாட்டு எழுதிய நோட்டு. உள்ளே உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்ததும் ஜோன்ஸைத் தனியே அழைத்துப் போய், இந்தப் பாட்டுகளை யார் பாடப்போகிறார்கள் என்று கேட்டார். நீதான் பில், என்றார் ஜோன்ஸ். தொழில்முறைப் பாடகர் யாரோ வரப்போவதாக விதர்ஸ் நினைத்திருக்கிறார். தான் பாட்டு எழுதுகிறவன் மட்டுமே என்பது அவர் எண்ணம்.

அந்தக் கேள்வி அப்போது நியாயமானதுதான். பாடல் எழுதுபவர் ஒருவர், பாடுபவர் வேறொருவர் என்பது அன்றைய சோல் இசையில் சகஜம். மேடைப் பழக்கமில்லாத, முப்பதைத் தாண்டிய ஒருவரின் பாட்டுகளை வாங்கி, பெயர்பெற்ற குரலிடம் கொடுப்பது எந்த நிறுவனத்துக்கும் பாதுகாப்பான வழி. ஜோன்ஸ் அந்த வழியை யோசித்துப் பார்த்ததாகக்கூடத் தெரியவில்லை. ஸ்டுடியோவுக்கு வந்திருந்த பாடகர் கிரஹாம் நாஷ் எதிரில் வந்து உட்கார்ந்து, நீ எவ்வளவு நன்றாகப் பாடுகிறாய் என்பது உனக்கே தெரியவில்லை என்று சொன்னதை விதர்ஸ் வாழ்நாள் முழுக்க மறக்கவில்லை.

ஜோன்ஸின் அணுகுமுறைக்கு ஆல்பத்துக்குள்ளேயே சாட்சி இருக்கிறது. 'டூ இட் குட்' பாட்டின் நடுவே விதர்ஸ் பாடுவதை விட்டுப் பேசத் தொடங்குகிறார். இதற்குமுன் செய்திராத ஒன்றைச் செய்ய வந்து நின்றபோது, கவலைப்படாதே, உனக்கு வருவதைச் செய், அதை நன்றாகச் செய் என்று ஜோன்ஸ் தனக்குச் சொன்னதாக இசையோடு இசையாகச் சொல்கிறார். தயாரிப்பாளர் கொடுத்த தைரியமே பாட்டாகப் பதிவாகி நிற்பது வேறெங்கும் நான் கேட்டதில்லை.

இப்போது ஆல்பத்தின் புகழ்பெற்ற பாட்டுக்கு வருவோம். 'எய்ன்ட் நோ சன்ஷைன்' பாட்டின் நடுப்பகுதியில் 'ஐ நோ' (எனக்குத் தெரியும்) என்ற இரண்டே சொற்களை விதர்ஸ் 26 தடவை அடுக்குகிறார். அது திட்டமிட்டதல்ல. அந்த இடத்தில் இன்னொரு சரணம் எழுதி நிரப்ப எண்ணியிருந்தார், எழுதி முடிக்கவில்லை. இடத்தை அடைக்க அந்தச் சொற்களைப் பாடிவைத்தார். இருக்கட்டும், அப்படியே விடு என்று மற்ற இசைக்கலைஞர்கள் சொன்னார்கள். ஊர்பேர் தெரிந்த பெரிய கலைஞர்கள் அவர்கள். தான் ஆலையில் வேலை பார்க்கிறவன், அவர்களோடு வாதாட நான் யார் என்று அவர்கள் பேச்சைக் கேட்டதாக விதர்ஸ் பின்னாளில் விளக்கியிருக்கிறார்.

ஏன் அது சரியான முடிவு? அந்த இடத்தில் கிதாரும் ஸ்ட்ரிங்ஸும் ஒதுங்கிக்கொள்கின்றன. குரலும், அல் ஜாக்சனின் அடக்கமான தாளமும்தான் மிச்சம். போனவளைத் தொடர்ந்து போகக்கூடாது என்று தெரியும், தெரியும் என்று ஒருவன் தனக்குத்தானே சொல்லிக்கொள்கிறான். சொல்லச் சொல்ல அந்தத் தெளிவால் பயனில்லை என்பது வெளிப்படுகிறது. நல்ல சரணம் ஒன்று அங்கே வந்திருந்தால் அவன் மனநிலையை விளக்கியிருக்கும். இப்போது விளக்கமே இல்லாமல் அந்த மனநிலைக்குள் நாம் மாட்டிக்கொள்கிறோம். மொத்தப் பாட்டும் இரண்டு நிமிடத்துக்குச் சற்று மேல். அதில் பெரிய பங்கை இந்த முடிக்கப்படாத இடம் எடுத்துக்கொள்கிறது. குடிக்கு அடிமையான தம்பதியைப் பற்றிய 1962ஆம் ஆண்டுத் திரைப்படமான 'டேஸ் ஆஃப் வைன் அண்ட் ரோசஸ்' பார்த்ததிலிருந்து இந்தப் பாட்டு பிறந்தது என்று விதர்ஸ் சொல்லியிருக்கிறார். கெடுதல் என்று தெரிந்தும் விட முடியாத ஒன்றைப் பற்றிய பாட்டுக்கு இந்த வடிவம் எவ்வளவு பொருந்துகிறது பாருங்கள்.

பாட்டியின் கைகள்

புகழ் 'சன்ஷைன்' பாட்டுக்குப் போனாலும், இந்த ஆல்பத்தின் உச்சம் என்று நான் சொல்வது அதற்கு அடுத்து வரும் 'கிராண்ட்மாஸ் ஹேண்ட்ஸ்'. இதுவும் இரண்டு நிமிடம்தான். பாட்டியின் முகம் பாட்டில் வராது. குணத்தைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. கைகள் மட்டும். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் தட்டிய கைகள், டாம்பரின் என்ற சலங்கைத் தாளக்கருவியை அடித்த கைகள், ஓடாதே, விழுந்துவிடுவாய் என்று தடுத்த கைகள், மணமாகாமல் தாயான ஊர்ப்பெண் ஒருத்தியைத் தேற்றிய கைகள், சில நேரம் வலித்து வீங்கிய கைகள், மிட்டாய் நீட்டிய கைகள்.

இந்த வரிசையில் இரண்டு இடங்களில் என் மனம் நின்றுவிடுகிறது. ஒன்று, அந்த ஊர்ப்பெண். சுற்றி இருந்தவர்கள் ஒதுக்கியிருக்கக்கூடிய ஒருத்தியைப் பாட்டி அணைத்துக்கொண்டதை, சின்னப் பையன் ஒருவன் பார்த்து வைத்திருக்கிறான். பாட்டியின் மொத்தக் குணமும் அந்த ஒரே செயலில் இருக்கிறது. இரண்டு, வீங்கிய கைகள். உழைத்துத் தேய்ந்த உடம்பு என்பதை அந்த ஒரு சொல் காட்டிவிடுகிறது. அனுதாபம் கேட்கும் வரி எதுவும் அதன்பின் வரவில்லை. இசையும் அதே அளவு சிக்கனமானது: கிதாரில் ஒரே ஒரு சுழலும் தொடர், கால்தாளம், ஹம்மிங். இருபத்தைந்து ஆண்டுகள் கழித்து, 1996இல், பிளாக்ஸ்ட்ரீட் குழு அந்தக் கிதாரையும் ஹம்மிங்கையும் எடுத்துத் தங்கள் 'நோ டிகிட்டி' பாட்டின் அடித்தளமாக்கியது. அது ஹாட் 100 பட்டியலில் முதலிடம் பிடித்தது. 1971இல் தனி வெளியீடாக வந்தபோது மூலப் பாட்டு 42ஆம் இடத்தோடு நின்றுவிட்டிருந்தது.

மற்ற பாட்டுகளில் 'ஹார்லெம்' ஆல்பத்தின் தொடக்கம். கோடைப் புழுக்கத்திலிருந்து ஞாயிறு காலைத் தேவாலயம் வரை ஒரு குடியிருப்பின் வாழ்க்கையை, சுருதியை ஏற்றிக்கொண்டே போய்ச் சொல்கிறது. 'ஐ'ம் ஹர் டாடி', தனக்கு ஒரு மகள் இருப்பதைத் தாமதமாக அறிந்த தகப்பனின் தவிப்பு. 'ஹோப் ஷீ'ல் பி ஹேப்பியர்' ஏறக்குறைய ஆளில்லாத அறையில் பாடியதுபோல நீண்டு செல்கிறது; 1974இல் ஜைர் நாட்டில் (இன்றைய காங்கோ ஜனநாயகக் குடியரசு) நடந்த இசை விழாவில் அவர் இதைப் பாடிய காட்சி பதிவாகியிருக்கிறது. கடைசிப் பாட்டு 'பெட்டர் ஆஃப் டெட்': குடியால் மனைவி மக்களை இழந்தவன் பேசுகிறான், துப்பாக்கிச் சத்தத்தோடு பாட்டு முடிகிறது. ஆல்பமும் அங்கேயே முடிகிறது. முதல் ஆல்பத்தை இப்படி முடிக்க அனுமதித்த நிறுவனத்தை நினைத்தால் இன்றும் வியப்புதான்.

எல்லாமே அந்தத் தரம் என்று சொல்லமாட்டேன். பீட்டில்ஸின் 'லெட் இட் பி', ஃபிரெட் நீல் எழுதிய 'எவ்ரிபடிஸ் டாக்கின்' என்ற இரண்டு பிறர் பாட்டுகளும் இந்த ஆல்பத்துக்குத் தேவைப்படவில்லை. மோசமாகப் பாடப்படவில்லை. ஆனால் கேட்பவருக்குப் பழகிய ஏதாவது இருக்கட்டும் என்று சேர்த்ததுபோல இருக்கின்றன. என் வாதத்துக்கு இவையும் ஒரு சான்று: புதியவரின் மீது நம்பிக்கை சற்றுத் தளர்ந்த இடங்களில் ஆல்பமும் தளர்கிறது.

வெளியீடும் பிறகும்

அட்டைப் படத்தைத் தொழிற்சாலை வாசலிலேயே எடுத்தார்கள். செங்கல் சுவர், வேலை உடுப்பு, கையில் சாப்பாட்டுப் பெட்டி. புகைப்படக் கலைஞர் நார்மன் சீஃப். பளபளக்கும் கோட்டும் மேடை வெளிச்சமும் இல்லாத அந்தப் படம் ஆல்பத்தின் பெயருக்கு ஒரு வரி விளக்கம்கூடத் தேவையில்லாமல் செய்துவிட்டது.

நிறுவனம் முன்னிறுத்தியது 'ஹார்லெம்' பாட்டைத்தான். அதைச் சிங்கிளாக, அதாவது பக்கத்துக்கு ஒரு பாட்டுள்ள சிறு தட்டாக, வெளியிட்டபோது 'சன்ஷைன்' மறுபக்கத்தில் இருந்தது. வானொலித் தொகுப்பாளர்கள் தட்டைத் திருப்பிப் போட்டார்கள். அதிர்ஷ்டம் என்று நான் ஒப்புக்கொள்ளும் இடம் இதுவே. 1971 செப்டம்பரில் அந்தச் சிங்கிள் தங்கத் தகுதி பெற்றது. அன்றைய விதிப்படி அதற்குப் பத்து லட்சம் பிரதிகள் விற்க வேண்டும். விதர்ஸுக்கு நிறுவனம் தங்க நிறக் கழிப்பறை இருக்கை ஒன்றைப் பரிசளித்தது.

அவரோ வேலையை விடுவதில் அவசரம் காட்டாதவர். இசைத்தொழில் நிலையில்லாதது என்று நம்பியவர். ஆட்குறைப்பில் வேலை போயிருந்த சமயம், ஒரே நாளில் இரண்டு கடிதங்கள் வந்ததாகச் சொல்லியிருக்கிறார். ஒன்று வேலைக்குத் திரும்பி வரும்படி தொழிற்சாலையிலிருந்து. மற்றது ஜானி கார்சனின் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் பாட வரும்படி.

என் வாதத்தைச் சோதித்துப் பார்க்க இதே நிறுவனத்திலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. சசெக்ஸ் 1970இல் டெட்ராய்ட்டைச் சேர்ந்த ரோட்ரிகஸ் என்ற பாடகரின் முதல் ஆல்பம் 'கோல்ட் ஃபேக்ட்'டை வெளியிட்டது. அவரும் உடலுழைப்பு அறிந்தவர், தன் பாட்டைத் தானே எழுதியவர். அமெரிக்காவில் அந்த ஆல்பத்தை யாரும் சீண்டவில்லை. அடுத்த ஆல்பமும் விலைபோகவில்லை. தென்னாப்பிரிக்காவில் அவருக்கு இருந்த பெரும் ரசிகர் கூட்டத்தைப் பற்றி உலகம் பரவலாக அறிந்தது 2012இல் வந்த 'சர்ச்சிங் ஃபார் சுகர்மேன்' ஆவணப்படத்தால். ஆகவே, ஒரு கலைஞனை அவன் போக்கில் விடுவது நல்ல ஆல்பத்தைத் தரலாம். விற்பனையைத் தரும் என்பதற்கு உத்தரவாதமில்லை. ஆல்பத்தின் தரத்தைப் பற்றித்தான் நான் பேசுகிறேன்.

தரத்துக்கான எதிர்ச்சான்று விதர்ஸின் வாழ்க்கையிலேயே பின்னால் வருகிறது. 1972இல் வந்த இரண்டாவது ஆல்பம் 'ஸ்டில் பில்', அவரும் அவருடைய குழுவினரும் தாங்களே தயாரித்தது. அதிலிருந்த 'லீன் ஆன் மி' முதலிடம் பிடித்தது. 1975இல் சசெக்ஸ் நொடித்துப்போக, கொலம்பியா என்ற பெரிய நிறுவனத்துக்கு மாறினார். அங்கே எதைப் பாட வேண்டும், எப்படிப் பாட வேண்டும் என்று சொல்ல ஆட்கள் இருந்தார்கள். கறுப்பின இசை இப்படித்தான் இருக்க வேண்டும் என்று பாடம் நடத்தியவர்களைப் பற்றி அவர் கசப்போடு பேசியிருக்கிறார். எல்விஸ் பிரெஸ்லியின் 'இன் தி கெட்டோ'வைப் பாடும்படி ஒருவர் யோசனை சொன்னதை அவரால் கடைசிவரை ஜீரணிக்க முடியவில்லை. சொந்தப் பாட்டு எழுதும் ஒருவரிடம் அதைக் கேட்டது அவமதிப்பு என்றே நானும் நினைக்கிறேன். 'லவ்லி டே' போன்ற அழகான பாட்டு அங்கேயும் வந்தது. ஆனால் 1978 ஆல்பத்துக்குப் பிறகு ஏழு ஆண்டுகள் தனி ஆல்பமே இல்லை.

அந்த ஏழு ஆண்டுகளில் அவருடைய மிகப் பெரிய வெற்றி வேறொருவர் வீட்டில் நடந்தது. சாக்சபோன் கலைஞர் குரோவர் வாஷிங்டன் ஜூனியரின் ஆல்பத்தில் விருந்தினராக, வேறு இருவரோடு சேர்ந்து எழுதி அவர் பாடிய 'ஜஸ்ட் தி டூ ஆஃப் அஸ்' 1981இல் 2ஆம் இடம் வரை போனது, கிராமியும் வாங்கியது. வெளியிட்டது எலெக்ட்ரா நிறுவனம். அவரை ஒப்பந்தத்தில் வைத்திருந்த கொலம்பியாவால் அந்தக் குரலை ஸ்டுடியோவுக்குள் கொண்டுவர முடியாத நேரம் அது.

1985இல் கொலம்பியாவுக்குக் கடைசி ஆல்பத்தைக் கொடுத்துவிட்டு விதர்ஸ் விலகினார். 2015இல், சாதித்த இசைக்கலைஞர்களைக் கௌரவிக்கும் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமில் ஸ்டீவி ஒண்டர் அவரை வரவேற்றுச் சேர்த்தபோது அவருக்கு 76 வயது. 2020 மார்ச் 30 அன்று காலமாகும்வரை இன்னொரு ஆல்பம் போட அவர் சம்மதிக்கவே இல்லை.